ஏல் காய்ச்சிய பெண்கள்: இடைக்கால இங்கிலாந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ப்ரூஸ்டர் என்றொரு குடும்பப் பெயர் உண்டு. அந்தச் சொல்லின் பழைய பொருள் ஏல் காய்ச்சுகிறவள் என்பது. ஆண் என்றால் ப்ரூவர், பெண் என்றால் ப்ரூஸ்டர். நூல் நூற்பவளைக் குறித்த ஸ்பின்ஸ்டரிலும் இதே பெண்பால் விகுதிதான். 1300 வாக்கில் இங்கிலாந்தின் எந்த ஊருக்குப் போயிருந்தாலும், குடிக்கிற ஏலைக் காய்ச்சியது பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். 1600 வாக்கில் அப்படி இல்லை. இந்த முந்நூறு ஆண்டுகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏல் என்றால் என்ன? பியரும் அதுவும் ஒன்றா?

இன்றைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. அன்றைக்கு இரண்டும் வேறு. முளைகட்டிக் காயவைத்த தானியம், தண்ணீர், நுரை (அதாவது ஈஸ்ட்), இவ்வளவுதான் ஏல். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அது பியர். ஏல் கொஞ்சம் இனிப்பாக, கலங்கலாக இருக்கும். பியர் கசக்கும், தெளிந்திருக்கும். முக்கியமான வித்தியாசம் சுவையில் இல்லை, எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான். ஏல் சில நாளிலேயே புளித்துப்போகும். பியர் மாதக்கணக்கில் கெடாது. பின்னால் வரப்போகிற கதை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

காய்ச்சுவது என்று சொல்வதால் சாராயம் என்று நினைத்துவிட வேண்டாம். இது வடித்தெடுத்த சரக்கு இல்லை, வெறுமனே புளிக்கவைத்த பானம். பெரியவர், சிறியவர் எல்லோரும் சாப்பாட்டோடு குடித்தது.

இந்த வேலை ஏன் பெண்கள் கையில் இருந்தது?

வீட்டு வேலையோடு சேர்ந்து வந்ததால். ரொட்டி, கஞ்சி, ஏல் மூன்றும் சமையலறைக் கணக்கு. தன் வீட்டுக்குக் காய்ச்சுகிறவள் கூடுதலாக ஒரு அண்டா காய்ச்சினால், மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விற்கலாம். ஏல் சீக்கிரம் கெடும், தூக்கிக்கொண்டு தூரம் போகவும் முடியாது. அதனால் ஒரே ஆள் நிறையக் காய்ச்சிக் குவிப்பதில் லாபம் இல்லை. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு என்று முறை மாறி மாறிக் காய்ச்சினார்கள். இடுப்பில் குழந்தை, அடுப்பில் கஞ்சி, நடுவில் இது.

எப்படிக் காய்ச்சினார்கள்?

வேலை மால்ட்டிலிருந்து தொடங்கும். நம் வீட்டில் கேழ்வரகு முளைகட்டுவது தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பார்லியையோ ஓட்ஸையோ, அல்லது இரண்டும் கலந்து விதைத்து அறுத்த தானியத்தையோ இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, தரையில் பரப்பி முளைக்கவிட வேண்டும். சூடேறிக் கெட்டுப்போகாமல் அடிக்கடி புரட்டிக்கொடுக்க வேண்டும். முளை சரியான அளவுக்கு வந்ததும் சூளையில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். காயவைக்கத் தாமதித்தால் முளை சத்தைத் தின்றுவிடும், சூடு கூடினால் கருகிவிடும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். வசதி இல்லாதவர்கள் மால்ட்டைக் காசு கொடுத்தோ கடனாகவோ வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் மால்ட்டை நொறுக்கி, சுடுதண்ணீரில் கொட்டித் துழாவ வேண்டும். தானியத்தின் மாவுச்சத்து இந்தக் கட்டத்தில்தான் இனிப்பாக மாறுகிறது. தண்ணீரின் சூடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சாறு இறங்காது. வெப்பமானி கிடையாது. கையும் கண்ணும்தான். இறங்கிய சாற்றை வடித்து, ஆறவிட்டு, நுரையைச் சேர்த்தால் ஓரிரு நாளில் ஏல். அதே சக்கையில் மறுபடி சுடுதண்ணீர் ஊற்றினால் இன்னொரு ஈடு கிடைக்கும். நீர்த்துப்போனது, விலையும் குறைவு. கடைசிச் சக்கை பன்றிக்கு.

எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. ஒரு ஈட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ சுமந்து வரவேண்டும். விறகும் அப்படியே. இதில் பெரும்பங்கு சுமக்கிற வேலை என்பதை மறந்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து துழாவுகிற வேலையாக மட்டும் கற்பனை செய்கிறோம்.

ஈஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் எப்படிப் புளிக்கவைத்தார்கள்?

நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய மாவில் கலக்கிறோமே, அதே வழிதான். முந்தைய ஈட்டின் மேல் மிதந்த நுரையை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த ஈட்டில் சேர்ப்பார்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவார்கள். நார்விச் நகரத்தில் 15ஆம் நூற்றாண்டில் இந்த நுரைக்கு ‘கடவுள் தந்தது’ என்றே பெயர் இருந்தது. கடவுள் அருளால் வருகிற பொருள் என்பதால் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது, பதிலுக்கு ரொட்டியோ முட்டையோ மால்ட்டோ வாங்கினாலும் அதன் மதிப்பு ஒரு ஃபார்திங்கைத் தாண்டக்கூடாது என்பது அங்கே விதி. ஃபார்திங் என்பது கால் பென்னி. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. யாரோ ஒருவர் நுரையை விலைபேசத் தொடங்கியதால்தான் இப்படி எழுதிவைக்க வேண்டி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த நுரை கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நேரடிச் சாட்சி இருக்கிறது. லின் என்ற துறைமுக ஊரில் 1373 வாக்கில் பிறந்த மார்ஜரி கெம்ப், நல்ல வசதியான வீட்டுப் பெண். மூன்று நான்கு ஆண்டு ஊரிலேயே பெரிய அளவில் ஏல் காய்ச்சி விற்றார். பின்னால் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தபோது, அந்தத் தொழில் எப்படி முறிந்தது என்பதையும் சொல்கிறார். வேலையாட்கள் தேர்ந்தவர்கள்தான். ஏல் அழகாக நுரைகட்டி நிற்கும். திடீரென்று நுரை அப்படியே அமுங்கிவிடும், மொத்த ஈடும் வீண். ஒன்றன்பின் ஒன்றாக இப்படியே ஆகி, பெரும் பணத்தை இழந்து தொழிலை விட்டார். தன் ஆணவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவர் நம்பினார். ஏதோ வேண்டாத கிருமி அண்டாவில் குடியேறியிருக்கலாம் என்று இன்றைக்கு நாம் யோசிப்போம். அவருக்கு அதை அறிய வழியே இல்லை.

ஆபத்தான வேலையா?

ஆம். பெட்ஃபர்ட்ஷயர் மரண விசாரணை ஏட்டில் ஒரு பதிவு. 1270 அக்டோபர் 2. ஸ்டேப்லோ என்ற சிற்றூரில் ஜூலியானா டி போஷாம் சீமாட்டியின் ஏல் காய்ச்சும் கொட்டகை. அமிஸ் பெலமி, சிபில் போன்ஷெவலியர் என்ற இரண்டு பெண்கள், காய்ச்சிய கூழ் நிறைந்த தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து ஈய அண்டாவில் கொட்டப்போனார்கள். அமிஸின் கால் வழுக்கியது. அண்டாவுக்குள் விழுந்தார், தூக்கிவந்த தொட்டியும் அவர்மேல் கவிழ்ந்தது. சிபில் அந்தக் கணமே பாய்ந்து அவரை வெளியே இழுத்துப்போட்டுக் கத்தினார். வீட்டார் ஓடிவந்து பார்த்தபோது அமிஸ் வெந்துபோய்க் குற்றுயிராகக் கிடந்தார். பாதிரியார் வந்து கடைசிச் சடங்கு செய்தார். மறுநாள் காலை அவர் இறந்தார். தற்செயலான மரணம் என்று எழுதி முடித்திருக்கிறார்கள்.

அமிஸைப் பற்றி இந்தச் சில வரிகளைத் தவிர வேறெதுவும் நான் படித்ததில்லை. ஆனால் இந்தச் சில வரிகளை ஒருமுறை படித்தவர்கள் ஏல் காய்ச்சுவதை ‘வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு’ என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் தண்ணீர் அசுத்தம், அதனால்தான் ஏல் குடித்தார்கள் என்கிறார்களே?

பாதிகூட உண்மை இல்லை. தண்ணீரும் குடித்தார்கள். லண்டனில் நகருக்கு வெளியே இருந்த ஊற்றுநீரைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் வேலை 1245-லேயே தொடங்கிவிட்டது. அந்தத் தண்ணீரை ஏல் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், குடிக்க இல்லை என்று மக்கள் முறையிட, 1345-ல் நகரம் தடை போட்டது. ஏல் என்பது வயிற்றுக்கு உணவு, உடம்புக்குச் சூடு. முக்கிய காரணம் அதுதான்.

உண்மையில் எத்தனை பெண்கள் செய்தார்கள்?

ஊர் நீதிமன்ற ஏடுகளில் ஏல் விற்றவர்களின் அபராதக் கணக்கு இருப்பதால் ஓரளவு எண்ணிப் பார்க்க முடிகிறது. நார்தாம்ப்டன்ஷயரில் பிரிக்ஸ்டாக் என்று ஒரு கிராமம். 1287 முதல் 1348 வரையான ஏடுகளில் 300-க்கும் அதிகமான பெண்கள் ஏல் விற்றிருக்கிறார்கள். ஊர்ப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலோர் எப்போதாவது காய்ச்சியவர்கள். விடாமல் காய்ச்சி விற்றவர்கள் 38 பேர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா ஊரும் பிரிக்ஸ்டாக் மாதிரி எழுதிவைக்கவில்லை. பல ஊர்களில் மனைவி காய்ச்சுவாள், அபராதம் கணவன் பெயரில் போகும். ஏட்டைத் திறந்தால் வரிசையாக ஆண் பெயர்களாக இருக்கும். அதை வைத்து அந்த ஊரில் ஆண்கள்தான் காய்ச்சினார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அரசு கட்டுப்பாடு ஏதும் இருந்ததா?

நன்றாகவே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ஹென்றி காலத்தில், ரொட்டிக்கும் ஏலுக்கும் நாடு முழுவதற்குமான விலைச் சட்டம் வந்தது. தானியம் ஏறினால் ஏல் விலையும் ஏறலாம், இறங்கினால் இறங்க வேண்டும். தானியம் மலிவாக இருக்கும்போது நகரத்தில் ஒரு பென்னிக்கு இரண்டு கேலன், வெளியூரில் மூன்றோ நான்கோ கேலன். கேலன் என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர்.

காய்ச்சி முடித்ததும் வாசலில் ஒரு கழியை நட்டு அதன் முனையில் தழைக்கொத்தைக் கட்டுவார்கள். ஏல் தயார் என்பதற்கு அடையாளம். ஊரின் ஏல் சோதகர் வந்து ருசி பார்த்து, முத்திரை குத்திய படியால்தான் அளக்கிறார்களா என்று சரிபார்ப்பார். காய்ச்சுகிறவர்கள் பெண்கள், சோதிக்கிறவர்கள் அநேகமாக எப்போதுமே ஆண்கள். ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் 1556-ல் ஸ்ட்ராட்ஃபர்டில் இந்தப் பதவியில் இருந்தார். சோதகர் தோல் கால்சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் கொட்டிய ஏல்மேல் உட்கார்ந்து ஒட்டுகிறதா என்று பார்ப்பார் என்றொரு கதை உலவுகிறது. அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. தயவுசெய்து பரப்ப வேண்டாம்.

தண்டனையும் உண்டு. 1086-ல் தொகுத்த பெரும் நிலக் கணக்கிலேயே, செஸ்டர் நகரில் கெட்ட ஏல் காய்ச்சினால் நான்கு ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் சாண நாற்காலியில் உட்காரவைப்பார்கள் என்று இருக்கிறது. அளவில் ஏமாற்றினால் ஆணானாலும் பெண்ணானாலும் அபராதம். ஆனால் பின்னாளில் அபராதம் என்பது நடைமுறையில் லைசன்ஸ் கட்டணம் போல ஆகிவிட்டது. தப்பு செய்தாலும் செய்யாவிட்டாலும் காய்ச்சி விற்றவர்கள் எல்லோரும் கட்டினார்கள். ஆகவே ஏட்டில் அபராதம் இருக்கிறது என்பதாலேயே அந்தப் பெண்ணை மோசடிக்காரி என்று படிக்க வேண்டாம்.

நல்ல வருமானம் வந்ததா?

கைச்செலவுக்கு வந்தது. விதவைகளும் கல்யாணமாகாத பெண்களும் பிழைக்க ஒரு வழி இருந்தது. அதே காலத்தில் பெண்களுக்குக் கிடைத்த நூல் நூற்பு, வீட்டு வேலை போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது மேல்தான். ஆனால் பொற்காலம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிறிய தொழில், குறைந்த லாபம், மதிப்பும் குறைவு. அதனால்தான் யாரும் போட்டிக்கு வரவில்லை.

பிறகு எப்படிக் கை நழுவியது?

ஒரே நாளில் நடந்ததல்ல. முதல் திருப்பம் 1348–49 கொள்ளைநோய். மக்கள்தொகை சரிந்தது, உயிரோடிருந்தவர்களின் கூலி ஏறியது. கையில் காசு புழங்கியதால் ஆளுக்குக் கூடுதலாக, தரமானதாகக் குடித்தார்கள். தேவை நிலையாக இருந்ததும், எப்போதாவது காய்ச்சியவர்கள் குறைந்து, தொடர்ந்து காய்ச்சுகிற சிலர் பெருகினார்கள். தொடர்ந்து செய்ய முதல் வேண்டும், பெரிய அண்டா வேண்டும், ஆள் வேண்டும். தனியாக இருந்த பெண்கள் முதலில் விழுந்தார்கள். கணவனும் மனைவியுமாகச் செய்த வீடுகள் தாக்குப்பிடித்தன.

இரண்டாவது திருப்பம் ஹாப்ஸ். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து பியர் வரத்தொடங்கியது. அப்புறம் ஹாலந்து, ஜீலந்து (இரண்டும் இன்றைய நெதர்லாந்தில்) பக்கத்து ஆட்கள் இங்கிலாந்திலேயே குடியேறிக் காய்ச்சினார்கள். லண்டனில் பியர் விஷம் என்றுகூட வதந்தி கிளம்பியது. 1436-ல் அரசர் தலையிட்டு, அது நல்ல பானம்தான், காய்ச்சுகிறவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. கணக்கைப் பாருங்கள். 1574-ல் ஹாப்ஸ் பயிர் பற்றி எழுதிய ஒருவர் சொல்கிறபடி, ஒரு புஷல் (தானியம் அளக்கும் பழைய அளவு) மால்ட்டில் எட்டு ஒன்பது கேலன் ஏல் கிடைக்கும். அதே மால்ட்டில் பதினெட்டு இருபது கேலன் பியர் காய்ச்சலாம். ஹாப்ஸ் காப்பாற்றும் என்பதால் அவ்வளவு வீரியமாகக் காய்ச்ச வேண்டியதில்லை. அதோடு பியரைப் பீப்பாயில் அடைத்துச் சேர்த்து வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், படைக்கு அனுப்பலாம். எட்டாம் ஹென்றி 1512–13-ல் போர்ட்ஸ்மவுத்தில் கடற்படைக்காகவே பியர் காய்ச்சும் கூடங்கள் கட்டினார்.

இப்போது ஒரு பெண்ணின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஹாப்ஸைக் கொதிக்கவைக்கக் கூடுதல் விறகு, கூடுதல் அண்டா, பீப்பாய்கள், விற்றுக் காசு வரும்வரை தாங்கும் கடன். சட்டப்படி கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, சொத்தும் கணவனுடையது. லண்டன் போன்ற சில நகரங்களில் மனைவி தனித்துத் தொழில் செய்ய வழக்கம் இடம்கொடுத்தது, ஆனால் அது எங்கும் இருந்ததில்லை. விதவைக்கு உரிமை உண்டு, முதல் இல்லை. வெளிநாட்டு வியாபாரிகளோடு பழக்கம் இல்லை. படைக்குச் சரக்கு கொடுக்கும் பேரத்தில் உட்கார இடம் இல்லை. யாரும் அவளை அடித்து விரட்டவில்லை. தொழில் வளர்ந்த திசையில் அவளுக்கு நடக்கப் பாதை இல்லை. கைத்திறன் குறைந்ததால் பெண்கள் பின்தங்கினார்கள் என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஏல் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் பெண்களுக்கு இடம் இருந்ததா?

லண்டன் ப்ரூவர்கள் சங்கத்தில் 1420 வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு உறுப்பினர் பெண். மற்றத் தொழில்களின் சங்கங்களோடு பார்த்தால் இது ஆச்சரியமான அளவு. அவர்களில் பலர் கணவனோடு சேர்ந்து உறுப்பினரானவர்கள். சந்தா கட்டினார்கள், விருந்துக்கு வந்தார்கள். பொறுப்புகள் மட்டும் ஆண்களிடமே இருந்தன. 1438-ல் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் பெண் பெயர்கள் குறைந்துகொண்டே போகின்றன.

சூனியக்காரியின் கூம்புத் தொப்பி, துடைப்பம், கொப்பரை, பூனை எல்லாம் இவர்களிடமிருந்து வந்தவைதானே?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் பரவியிருக்கும் தவறும் இதுதான். அந்தக் காலத்து ஓவியங்களிலும் சிற்பங்களிலும் ஏல் விற்கும் பெண்களுக்குக் கூம்புத் தொப்பி கிடையாது. சூனியக்காரிக்கு அந்தத் தொப்பி வந்தது 17, 18ஆம் நூற்றாண்டு அச்சுப் படங்களில். உயரத் தொப்பி அப்போது சாதாரணப் பெண்களும் போட்டதுதான். ஆக்ஸ்ஃபர்ட் பக்கத்து மதர் லவுஸ் என்ற ஏல் கடைக்காரியின் படத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள், அதுவும் 17ஆம் நூற்றாண்டுதான். கொப்பரை எல்லா வீட்டிலும் இருந்தது, பூனையும் துடைப்பமும் அப்படியே. தொழிலைப் பறிக்கத்தான் சூனியக்காரி என்று எரித்தார்கள் என்பதற்கும் வழக்குகளில் சான்று இல்லை. இங்கிலாந்தில் அந்தக் குற்றத்துக்குத் தூக்குத்தானே தவிர எரிப்பது வழக்கமும் இல்லை. பெண்கள் தொழிலை இழந்த கதைக்குக் கடனும் சட்டமும் ஹாப்ஸுமே போதும்.

ஆனால் அவர்களைக் கேவலமாகச் சித்திரித்தது உண்மைதானே?

அது உண்மை. லட்லோ ஊரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர்கள் சாய்ந்து நிற்கும் மர இருக்கைகளின் அடியில் ஒரு செதுக்கல் இருக்கிறது. தலையில் நாகரிகமான கொம்பு முக்காட்டைத் தவிர உடம்பில் துணியில்லாத ஒரு பெண்ணை ஒரு பிசாசு தோளில் போட்டு நரகத்தின் வாய்க்குத் தூக்கிப்போகிறது. அவள் கையில் இன்னமும் ஏல் அளந்து ஏமாற்றிய குவளை. இன்னொரு பிசாசு அவள் பாவங்களைச் சுருளிலிருந்து வாசிக்கிறது. செஸ்டரில் நடந்த சமய நாடகத்தில், கிறிஸ்து நரகத்திலிருந்து ஆன்மாக்களை மீட்டுக்கொண்டு போன பிறகும் ஒருத்தி அங்கேயே விடப்படுகிறாள். அவள் ஏல் விற்றவள். அளவில் ஏமாற்றிய ஆண்கள் ஏடுகளில் எத்தனையோ பேர்.

இது கலையோடு நிற்கவில்லை. அதே செஸ்டரில் 1540-ல், 14 முதல் 40 வயதுக்குட்பட்ட எந்தப் பெண்ணும் ஏல் கடை நடத்தக்கூடாது என்று மேயர் உத்தரவு போட்டார். ஒழுக்கத்தைக் காரணம் காட்டி, உழைக்கிற வயதில் இருந்த அத்தனை பெண்களையும் தடுத்த உத்தரவு அது.

ஹாப்ஸைக் கண்டுபிடித்ததே ஒரு பெண் துறவி என்பது சரியா?

கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியின் ஹில்டெகார்ட் (1098–1179) அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் வைக்கும் என்று எழுதிவைத்தார், மனச்சோர்வைக் கூட்டும் என்றும் சேர்த்தே சொன்னார். அவருக்கு முன்பே ஹாப்ஸ் பயன்பாட்டில் இருந்தது.

1600-க்குப் பிறகு பெண்கள் இந்தத் தொழிலில் இல்லவே இல்லையா?

இருந்தார்கள். கிராமங்களிலும், பியர் மெதுவாகப் போய்ச்சேர்ந்த வடக்கு, மேற்குப் பகுதிகளிலும் ரொம்ப நாள் காய்ச்சினார்கள். நகரங்களில் மற்றவர் காய்ச்சியதை வாங்கிச் சில்லறையாக விற்றார்கள், குடம் சுமந்து தெருவில் விற்றார்கள். 1552-ல் ஏல் கடைக்கு நீதிபதிகளின் லைசன்ஸ் கட்டாயமான பிறகு, பிழைக்க வழியில்லாத விதவைகளுக்கு இரக்கப்பட்டு லைசன்ஸ் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. ஊராரின் தர்மச் செலவு அதனால் மிச்சம். தாயோ பாட்டியோ தன் கொல்லையில் காய்ச்சி, தன் வாசலில் கழி நட்டு விற்ற பானத்தை, அந்த விதவை இப்போது பெரிய கூடத்திலிருந்து பீப்பாயாகக் கடனுக்கு எடுத்து, குவளை குவளையாக விற்றுக் கடனை அடைத்துக்கொண்டிருந்தாள்.